எடுத்து வைக்கச் சொன்னா ஏழு கேள்வியா?

வா கண்ணு, வந்து குக்கு. மொகம் ஏன் இப்படித் தொங்கிக் கெடக்குது? உன்ற வலைக்கடைக்குள்ள சனம் வருது, பாக்குது, ஆனா சாமானெ எடுத்து வெக்கிற அந்த இதயத்தெ மட்டும் ஒருத்தரும் அமுத்த மாட்டேங்கறாங்கன்னு உன்ற அம்மாகிட்டப் பொலம்பினயாமா. மருமவ எங்கிட்டச் சொன்னா. கடைக்காரனுக்கு இதயம் இல்லீங்கறது சனத்துக்குத் தெரிஞ்சு போச்சு அம்மிணி, வேற ஒண்ணுமில்லேன்னு சொல்லித் தாட்டிவிட்டேன்.

கோவிச்சுக்காதெ. நேத்து ராத்திரி நானே உன்ற கடைக்குப் போயிப் பாத்தேன். பஸ் ஏறியெல்லாம் போகலெ, கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டேதாம் போனேன். சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், துண்டு, தலகாணி உறை, எல்லாம் வரிசையா அடுக்கி வெச்சிருக்கே. படமும் அருமெ. பொய் சொல்லக் கூடாது. பச்சை பார்டர் போட்ட போர்வை ஒண்ணு கண்ணுல பட்டுது. வாங்கலாமா, இன்னொரு குளுரு வரட்டுமான்னு ரோசனை. சரி, எடுத்து வெச்சுட்டுக் காத்தால பாத்துக்கலாம்னு இதயத்தெ அமுத்துனேன்.

அமுத்துனது தாமசம், ஒரு பொட்டி எந்திரிச்சு வந்து குறுக்க நின்னுக்கிச்சு. பேரு என்ன? போன் நம்பர் என்ன? ஈமெயில் என்ன? பாஸ்வேர்டு குடு. அதே பாஸ்வேர்டெ இன்னொருக்காக் குடு. பொறந்த தேதி என்ன? பின்கோடு என்ன? ஏழு கேள்வி. நான் இன்னம் வெலையே கேக்கலெ கண்ணு. பொறந்த தேதியெ வாங்கி என்ன, எனக்கும் போர்வைக்கும் பொருத்தம் பாக்கப் போறயா?

அது போகுதுன்னு பொட்டியெ மூடப் பாத்தா, கீழெ பொடி எழுத்துல ஒரு வரி: 'வேண்டாம், நல்ல போர்வை எனக்குத் தேவையில்லை.' அதெ அமுத்துனாத்தாம் பொட்டி நகருது. வந்த மனுசன் வாயாலயே நான் நல்ல போர்வைக்கு லாயக்கில்லாதவன்னு சொல்ல வெக்கிறே. இந்தப் புத்தி உனக்கு எங்கத்தாலருந்து வந்துது? நம்ம பக்கம் இல்லெ. உன்ற அம்மா பக்கமும் பரவால்ல, அவிய மொரட்டுச் சனம், ஆனா இத்தனெ நெளிவு இல்லெ.

அப்பறம் ராத்திரி ரெண்டரை மணிக்குத் தண்ணி குடிக்க எந்திரிச்சவன் மறுக்காப் போயிப் பாத்தேன். 'இந்தப் போர்வையை இப்போது 23 பேர் பார்க்கிறார்கள்' அப்படிங்குது. சென்னிமலையில அந்நேரத்துக்கு முழிச்சிருந்தது நானும் தெக்கு வளவு நாயுந்தாங் கண்ணு. மிச்சம் 21 பேரு யாருன்னு நீதாஞ் சொல்லோணும்.

சிரிக்கிறே. தில்லியில இதுக்கெல்லாம் பேரு வெச்சுப் பட்டியலே போட்டிருக்காங்க, தெரியுமா? 2023 நவம்பர் 30-ந் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைன்னு ஒண்ணு வெளியிட்டுது. வலைக்கடைக்காரங்க பண்ற தில்லுமுல்லு 13 வகைன்னு எண்ணி எழுதியிருக்குது. இல்லாத அவசரத்தெ இருக்கறாப்பல காட்டறது ஒண்ணு. வேண்டாம்னு சொல்றவனெக் கூச்சப்பட வெக்கிறது ஒண்ணு. வந்த வேலைக்குச் சம்பந்தமில்லாம சொந்தத் தகவலெக் குடுத்தாத்தாஞ் சாமானுங்கறது இன்னொண்ணு, கட்டாயச் செயல்னு அதுக்குப் பேரு. அதுலயும் சட்டத்துக்காரங்க 'வாங்க வர்றவங்ககிட்ட'ன்னு எழுதியிருக்காங்க. நீ வாங்காதவன்கிட்டயே கேக்குறே. அத்தனெ தூரம் அவியளுக்கே ரோசனை போகலெ.

சரி, நான் ஈரோட்டுல ஈசுவரன் கோயில் வீதியில ஜவுளிக்கடையில நின்ன ஆளு. கண்ணாலத்துக்குச் சீலை எடுக்கறதுன்னா அப்பெல்லாம் ஒரு பஸ்ஸு சனம் வந்து எறங்கும். மாப்பளையூட்டுக்காரங்க ஒரு பக்கம், பொண்ணூட்டுக்காரங்க ஒரு பக்கம், ரெண்டுக்கும் நடுவுல மொகத்தெத் தூக்கி வெச்சுக்கிட்டு அத்தைக்காரி ஒருத்தி. காத்தாலருந்து எரநூறு சீலையெ விரிக்கச் சொல்லிப் பாப்பாங்க. கடைசியில பத்தெப் பொறுக்கி, "இதெ எடுத்து வையுங்க, சோறு தின்னுட்டு வர்றோம்"னு எந்திரிப்பாங்க.

மொதலாளி ஒரு வார்த்தெ கேக்க மாட்டாரு. அந்தப் பத்தெயும் ஒரு பழைய வேட்டியில கட்டி, பில்லுச் சீட்டு ஒண்ணெ ரெண்டாக் கிழிச்சு, பாதியெ மூட்டைக்குள்ள வெச்சு, மீதிப் பாதியெ அவிய கையில குடுப்பாரு. மூட்டை அட்டாலிக்குப் போயிரும். சீட்டுல பேரு இருக்காது, ஊரு இருக்காது. கிழிசல் பொருந்துதான்னு பாக்கறதோட சரி. சாப்புட்டு வந்தாலும் வரலாம், எதுத்த கடைக்குப் போயி எரநூறு ரூவா கொறைச்சு வாங்கிக்கிட்டு அப்படியே பஸ் ஏறினாலும் ஏறலாம். சில மூட்டை ராத்திரி கடை சாத்தறப்ப நாங்களே பிரிச்சு மடிச்சு வெக்க வேண்டியதாப் போகும். அதுக்கு நான் மொணகினா, "மடிக்கறதுக்குத்தானெ உனக்குச் சம்பளம்"னு சொல்லிப்போடுவாரு. ஆனா ஒண்ணு, பாதிச் சீட்டோட திரும்பி வந்தவிய வெறுங்கையோட போறதெ நான் அவ்வளவாப் பாத்ததில்லெ. உன்ற இதயம் அந்த மூட்டைதாங் கண்ணு. நீ மூட்டையெக் கட்டறதுக்கு முன்னாலயே ரேசன் கார்டெ நீட்டச் சொல்றே.

"அதெல்லாம் கடை, இது கம்ப்யூட்டர் அப்பாரு, பேரு தெரியாட்டி யாரு எடுத்து வெச்சான்னு எப்படித் தெரியும்"னு நீ கேப்பேன்னு தெரியும். உன்ற தங்கச்சி போன வாரம் கோயமுத்தூர்லருந்து வந்திருந்தப்ப நானும் அதெத்தாங் கேட்டேன். அவ சொன்ன கதையெக் கேளு.

1994-ல அமெரிக்காவுல நெட்ஸ்கேப்னு ஒரு கம்பெனி. வலைத்தளம் பாக்கற மென்பொருள் பண்ணிக்கிட்டிருந்தாங்க. அவியகிட்ட எம்.சி.ஐ.ங்கற தொலைபேசிக் கம்பெனி வந்து, "வலையில கடை போடோணும், ஆனா பாதி எடுத்து வெச்சுட்டுப் போறவியளோட கணக்கெயெல்லாம் எங்க மெசின்ல சொமந்துக்கிட்டு இருக்க முடியாது"ன்னு சொல்லிப்போட்டாங்க. நெட்ஸ்கேப்புல இருந்த லூ மாண்டுல்லிங்கற பையன் ஒரு வழி கண்டுபுடிச்சான். கடை ஒரு சின்னச் சீட்டெ எழுதி, வந்தவியளோட மெசின்லயே விட்டுரும். அடுத்தவாட்டி அவிய வர்றப்ப மெசினே அந்தச் சீட்டெ எடுத்து நீட்டும். அதுக்குத்தாங் குக்கின்னு பேரு வெச்சான்.

அந்தக் குக்கி பொறந்ததே யாரு எவருன்னு கேக்காம எடுத்து வெச்சதெ ஞாபகம் வெச்சுக்கறதுக்குத்தாங் கண்ணு. பொறவு வெளம்பரக்காரன் அதெத் தூக்கிக்கிட்டுப் போயி, ஊரு ஊரா மனுசனெ மோப்பம் புடிக்கறதுக்குப் பழக்கிப்போட்டான். உன்ற கடையில அந்த ரெண்டாவது வேலைக்கு ஏகப்பட்ட குக்கி இருக்குதாமா, தங்கச்சி போனெத் தொறந்து காட்டினா. எடுத்து வெக்கிற குக்கி மட்டும் ஒண்ணுகூட இல்லியாமா. அதுக்கு அவ சிரிச்ச சிரிப்பெ நீ பாத்திருக்கோணும்.

இன்னொரு கதையும் இருக்குது, இது துட்டு சம்பந்தப்பட்டது, காதெத் தொடச்சுக்கிட்டுக் கேளு. ஜேரட் ஸ்பூல்னு ஒருத்தரு. வலைக்கடைகளெ சனம் எப்படிப் பொழங்குதுன்னு பக்கத்துல ஒக்காந்து பாக்கறதே அவரு பொழப்பு. 2009-ல ஒரு கட்டுரை எழுதினாரு. பேரு சொல்லாத ஒரு பெரிய கடை. சாமானெயெல்லாம் கூடையில போட்டுப் பணம் கட்டப் போறப்ப, மொதல்ல கணக்குத் தொறங்கன்னு ஒரு பொட்டி வந்து நிக்குமாமா. மொதவாட்டி வர்றவன் இது எதுக்குன்னு எரிச்சலாயிட்டான். பழைய ஆளுக்கோ பாஸ்வேர்டு மறந்து போச்சு. கணக்கு வெச்சிருந்தவியள்ல 45 சதம் பேருக்கு ஒண்ணுக்கு மேல கணக்காமா, சிலருக்குப் பத்து வரைக்கும் இருந்துதாமா. ஒரு நாளைக்கு 1,60,000 பேரு பாஸ்வேர்டு மறந்து போச்சுன்னு கேட்டிருக்காங்க, அதுல முக்காவாசிப் பேரு அப்பறம் வாங்கவே இல்லெ.

அந்தப் பொட்டியெ எடுத்துப்போட்டு, 'தொடர்க'ன்னு ஒரு பொத்தானெ வெச்சு, கணக்குத் தொறக்காமயே வாங்கலாமுன்னு கீழெ எழுதி வெச்சாங்க. வாங்கறவிய 45 சதம் கூடிட்டாங்க. மொத மாசம் எச்சா வந்தது ஒன்றரைக் கோடி டாலர். ஒரு வருசத்துக்கு 30 கோடி டாலர். ஒரே ஒரு பொத்தான்.

அது பணங் கட்டற எடம், எடுத்து வெக்கிற எடமில்லேன்னு நீ வாதம் பண்ணுவே. பண்ணு. வாங்கறதுன்னே முடிவு பண்ணிப் பைக்குள்ள கையெ விட்டவனே பேரு கேட்டா எந்திரிச்சுப் போறான்னா, இன்னம் போர்வை வேணுமா ஜமக்காளம் வேணுமான்னே தெரியாம நிக்கிறவன் உனக்குப் பொறந்த தேதியெ எழுதிக் குடுத்துட்டுப் போவானா?

எனக்குத் தெரியுங் கண்ணு, உனக்கு வேண்டியது வர்றவியளோட பட்டியல் இல்லெ, அவிய நம்பர். நம்பர் கெடைச்சா ஆடித் தள்ளுபடி, தீவாளித் தள்ளுபடி, உன்ற மச்சானுக்குக் கொழந்தெ பொறந்த தள்ளுபடின்னு தெனமும் அனுப்பலாம். சரி, நம்பரெ வாங்கி வெச்சிருக்கயே, அதெத் தொறந்து ஒருவாட்டி எண்ணிப் பாத்திருக்கயா? எத்தனெ பேரு பொறந்த நாளு ஜனவரி 1? எத்தனெ பேரு நம்பர்ல பத்தும் ஒம்பது? சனம் ஏமாளின்னு நெனைக்காதெ. நீ எதுக்குக் கேக்குறேன்னு அதுக்குத் தெரியும். அதனால அதுவும் உனக்கு ஏத்த பதிலெத்தாங் குடுத்திருக்குது.

நெசமான நம்பரெயே குடுத்தாலும் உனக்கு நல்லதில்லெ. 2023 மே மாசமே தில்லி நுகர்வோர் துறெ, பில்லு போடறப்ப போன் நம்பர் குடுத்தாத்தாம் ஆச்சுன்னு கடைக்காரங்க அடம் புடிக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு. அதே வருசம் ஆகஸ்டுல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துது, 2025 நவம்பர்ல அதுக்கு விதியும் வந்துபோச்சு. அந்தச் சட்டத்துக்குள்ளயே ஒரு உதாரணம் வெச்சிருக்காங்க. போன்ல வைத்தியம் பாக்கற ஆப்பு ஒண்ணு. வைத்தியத்துக்கும் சம்மதம், என்ற போன்ல இருக்கற நம்பரெயெல்லாம் எடுத்துக்கறதுக்கும் சம்மதம்னு ஒட்டுக்கா வாங்கிக்குதாம். வைத்தியத்துக்குக் குடுத்த சம்மதந்தாஞ் செல்லும், மத்தது செல்லாது. போர்வையெ எடுத்து வெக்கிறதுக்குப் பொறந்த தேதி எதுக்குன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா, நீ எந்த மூஞ்சியெ வெச்சுக்கிட்டுப் பதில் சொல்லுவே?

வாங்கி வெச்சதெக் காவலும் காக்கோணும். கோட்டை விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாமாமா. நம்ம தறிக்கொட்டாய், காடு, கெணறு, அப்பறம் கெணத்துல கெடக்கற ஆமை, அத்தனையும் வித்தாலும் வட்டிக்கு ஆகாது. வாங்காத நம்பருக்குக் காவல் வேண்டியதில்லெ, பாரு.

இப்பக் காரியத்துக்கு வர்றேன். தங்கச்சி ஒரு தாள்ல கிறுக்கிக் குடுத்துட்டுப் போனா, அந்தத் தாளுல எங்கியோ உன்னெக் கிண்டல் பண்ணி ஒரு படமும் போட்டிருக்கா, அதெக் காட்ட மாட்டேன்.

மொதல்ல, இதயத்தெ அமுத்துனா அந்தச் சணமே அது செவக்கோணும். பொட்டி வரப்படாது. பேரு தெரியாத ஆளுக்குக் கடை ஒரு சீட்டு எழுதும், நீளமான, யாரும் யூகிக்க முடியாத எழுத்தும் எண்ணும். சீட்டோட ஒரு பாதி குக்கியா அவிய போனுக்குப் போகும், மறுபாதி உன்ற கடை மெசின்ல இருக்கும், அதுக்கு நேரா எந்தச் சாமான், எந்தக் கலரு, என்ன அளவு, எடுத்து வெச்ச அன்னைக்கு என்ன வெலை, அவ்வளவுதான். வேற ஒரு எழவும் எழுதப்படாது.

சீட்டுல 1, 2, 3-ன்னு வரிசையாப் போட்டுராதெ. உனக்கு அந்தச் சோம்பேறித்தனம் வரும்னு தங்கச்சி அடிக்கோடே போட்டிருக்கா. ஒரு வாண்டுப்பையன் 41-ஐ அழிச்சு 42-ன்னு மாத்திப் பாத்தா பக்கத்தூட்டு அம்மிணி என்னத்தெ எடுத்து வெச்சிருக்கான்னு அப்படியே தொறந்துக்கும். அப்பறம் ஊருக்குள்ள அதுதாம் பழமை.

வர்றவியளுக்கெல்லாம் வாசல்லயே சீட்டெ நீட்டிக்கிட்டு நிக்காதெ. கடைக்கு வர்றது மனுசன் மட்டுமில்லெ, கூகுள்காரன் அனுப்பற ரோபோவும் வரும், இன்னம் யாரு யாரோ அனுப்பறதெல்லாம் வரும். அதுகளுக்கெல்லாம் காலிச் சீட்டு எழுதினா உன்ற அட்டாலி ஒரே மாசத்துல ரொம்பிரும். மொத இதயம் அமுத்தின பொறவு எழுதினாப் போதும். ரொம்ப நாளாத் திரும்பி வராத மூட்டையெப் பிரிச்சு மடிச்சுப்போடு.

இன்னொண்ணு, இது கொஞ்சம் சூட்சுமம். உன்ற சிநேகிதப் பையன் பட்டியலெ முழுசா அவிய போன் உலாவிக்குள்ளயே எழுதி வெச்சுரலாம், கடை மெசினுக்கு வேலையே இல்லேன்னு சொன்னானாமா. லோக்கல் ஸ்டோரேஜுன்னு ஒரு எடம் இருக்குதாமா, சுமாரா 5 எம்.பி. வரைக்கும் புடிக்கும், ஒரு குக்கி 4 கே.பி.க்கு மேல தாங்காது. அதனால அதுல வெக்கிறது சுலபந்தான். ஆனா ஆப்பிள்காரன் 2020 மார்ச்சுல சஃபாரியில ஒரு வேலை பண்ணிப்போட்டான். ஆளு சஃபாரியெப் பொழங்கிக்கிட்டே, உன்ற கடைப் பக்கம் மட்டும் ஏழு நாள் எட்டிப் பாக்கலீன்னா, அந்த எடத்துல கடை எழுதி வெச்சதெயெல்லாம் தொடச்சுப்போடும். மோப்பம் புடிக்கறவனெத் துரத்தறதுக்குப் போட்ட தடி, உன்ற போர்வை மூட்டை மேலயும் விழும். கண்ணாலத்துக்குச் சாமான் எடுக்கறவிய ஏழு நாளுக்குள்ளயா முடிவு பண்ணுவாங்க? மாமன் ஊருக்குப் போயிருப்பான், வரோணும், ஆடி மாசம் கழியோணும். அதனாலதாஞ் சீட்டெக் கடை மெசினே குக்கியா எழுதோணும்ங்கறா. அதுக்கு அந்த ஏழு நாள் கெடு இல்லெ. குரோம்ல அதுக்கும் ஒரு உச்சவரம்பு வெச்சிருக்காங்க, 400 நாளு. 400 நாளுக்குள்ள ஒரு போர்வைக்கு மனசெத் தேத்திக்க முடியாதவன் ஓரியாட்டக்காரன், அவனெ விட்டுரு.

உன்ற கடையெ நடத்தற ஷாப்பிஃபைல இதுக்குத் தனி ஆப்பு போடோணும், அதுல இப்படித்தாம் வருதுன்னு சாக்குச் சொல்லாதெ. அந்த மாதிரி ஆப்பு பலதுல கணக்கில்லாதவியளுக்கும் உண்டுன்னு ஒரு சுவிச்சு இருக்குதாமா. நீ அமைப்புப் பக்கத்தெ ஒருநாளாவது முழுசாப் படிச்சிருக்கயா? அந்தச் சக்கரம் சுத்தற தள்ளுபடிப் பொட்டியெ மட்டும் எங்கயிருந்து கண்டுபுடிச்சு மாட்டினே?

சரி, நம்ம சனம் இதயத்தெ அமுத்தாம என்ன பண்ணுதுன்னு பாத்திருக்கயா? உன்ற அம்மாவெயே பாரு. படத்தெ ஸ்கிரீன்சாட் எடுக்கறா. வாட்ஸ்அப்புல அக்காளுக்கு அனுப்பறா. அக்கா நாத்தனாளுக்கு அனுப்பறா. கடைசியில யாரோ ஒருத்தி உன்ற கடை நம்பருக்கே அந்தப் படத்தெ அனுப்பி, "இது என்ன வெலைங்க?"ன்னு கேக்கறா. அத்தனெ பேரும் எடுத்து வெச்சுக்கிட்டுத்தாங் கண்ணு இருக்காங்க, உன்ற கடைக்குள்ள வெக்கலெ, அவ்வளவுதான். உனக்கு ஒண்ணும் தெரியறதில்லெ. அவியளுக்கும் அந்தப் படத்துல வெலையும் இருக்காது, சாமான் தீந்துதா இல்லியாங்கறதும் இருக்காது.

அதெயே உனக்குத் தோதாத் திருப்பிக்க. பட்டியலுக்கு ஒரு லிங்க்கு குடு. 2022 நவம்பர்லருந்து வாட்ஸ்அப்புல அவியளே அவியளுக்குச் செய்தி அனுப்பிக்கலாம், பால் கணக்கு, மளிகைச் சாமான் எல்லாம் அங்கதாம் போட்டு வெக்கிறாங்க. உன்ற பட்டியலும் அங்க போகட்டும். பட்டியலுக்குக் கீழெ நேரா எழுதிப் போடு: 'இந்தப் பட்டியலெத் தொறக்கற சீட்டு இந்த போன்ல மட்டும் இருக்குங்க. போனெ மாத்தினாப் போயிரும். லிங்க்கை உங்களுக்கே அனுப்பி வெச்சுக்குங்க.' மெரட்டற மாதிரி எழுதாதெ, 'இழக்கப் போகிறீர்கள்'னு செவப்புல போடாதெ.

லிங்க்கு ரெண்டு விதமா இருக்கோணும், இதுவும் தங்கச்சி சொன்னது. அடுத்தவியளுக்கு அனுப்பறது பாக்கறதுக்கு மட்டும். தனக்குன்னு வெச்சுக்கறதுல மட்டுந்தாஞ் சேக்கவும் எடுக்கவும் முடியோணும். இல்லீன்னா ஒறம்பரை குரூப்புல ஒருத்தி பட்டியலெப் போட்டா, அத்தைக்காரி உள்ள பூந்து அவளுக்குப் புடிக்காத கலரெயெல்லாம் எடுத்துப்போடுவா. நடக்காதுன்னு நெனைக்கிறயா? நான் எரநூறு சீலைக் கூட்டத்தெப் பாத்தவன்.

ஊட்டுக்கு ஒரே போனா இருக்கற எடமும் இருக்குது. வடக்கு வளவுல ஒருத்தன் சம்சாரத்துக்குத் தெரியாம ஒரு சீலையெ எடுத்து வெச்சான்னு வெச்சுக்க, அந்தம்மா அடுத்த நாள் மகனுக்குத் துண்டு பாக்க அதே கடைக்குப் போனா மூட்டை தானா முன்னால வந்து நிக்கும். சம்சாரத்துக்குத்தாம் எடுத்தான்னா சந்தோசம். இல்லீன்னா பஞ்சாயத்து நம்ம திண்ணைக்குத்தாம் வரும். அதனால பட்டியலெ மொத்தமா அழிக்கறதுக்கு ஒரு பொத்தான், தேடிக்கிட்டு அலையாத எடத்துல வெய்யி.

கணக்கே வேண்டாம்னு நான் சொல்லலெ, நீ அப்படி ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியாதெ. போன்ல எடுத்து வெச்சதெ ஆபீசுக் கம்ப்யூட்டர்ல பாக்கோணும்ங்கறவனுக்குக் கணக்கு உபயோகந்தான். நம்பர் கேக்கறதுக்கும் ஒரு நேரம் உண்டு. எடுத்து வெச்ச போர்வை தீந்து போச்சு, மறுக்கா வந்தாச் சொல்லட்டுங்களான்னு கேளு. வெலை கொறைஞ்சாச் சொல்லட்டுங்களான்னு கேளு. அப்ப அவியளே குடுப்பாங்க, நெசமான நம்பராவும் குடுப்பாங்க, ஏன்னா செய்தி வரோணும்னு அவியளுக்கே இருக்கும். ஒரே ஒரு கட்டம் போதும். பாஸ்வேர்டு வேண்டாம், ஓ.டி.பி. ஒண்ணு அனுப்பிச் சரிபாத்துக்க. சொன்ன சேதியெ மட்டும் அனுப்பு. போர்வை வந்துருச்சுன்னு சொல்ல வாங்கின நம்பருக்குத் தலகாணி வெளம்பரம் போச்சுன்னா, அந்தச் சட்ட உதாரணத்துல வர்ற வைத்தியக்காரன் நீதான்.

பொறவு அவிய கணக்குத் தொறந்தாங்கன்னா, பேரில்லாம எடுத்து வெச்சதெயும் கணக்குல இருக்கறதெயும் ஒண்ணாச் சேத்துரோணும். ஒண்ணெ எடுத்து ஒண்ணு மேல கொட்டி அழிச்சுப்போடாதெ. தீந்து போன சாமானெப் பட்டியல்லருந்து சத்தமில்லாம உருவிப்போடவும் படாது. ஆளு வந்து பாக்கறப்ப, "நான் ஆறு வெச்சனே, நாலுதான இருக்குது"ன்னு முழிப்பாங்க. தீந்துதுன்னு எழுதி அப்படியே வெய்யி, அதே சாயல்ல வேற இருந்தாப் பக்கத்துல காட்டு.

பேரே இல்லாத பட்டியலெ வெச்சு எனக்கென்ன லாபம்னு இன்னமும் உன்ற மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்குது, மூஞ்சியில எழுதியிருக்குது. தறிக்காரன் பேரன் கேக்கற கேள்வியா இது? எந்தக் கலரு எத்தனெ மூட்டையில இருக்குதுன்னு பாரு. ஜமக்காளத்தெ நெறையப் பேரு எடுத்து வெச்சு வாங்காமப் போறாங்கன்னா, கூரியர் காசெப் பாரு, கனமான சாமானுக்கு அதுதாம் மனசெ முறிக்கும். ஒரு பார்டர் எல்லா மூட்டையிலயும் கெடந்தா அடுத்த பாவு அதுலயே போடு. வாழைப்பூக் கலரெ ஒருத்தரும் சீண்டலேன்னா நிறுத்து, உன்ற சிநேகிதன் சொன்னான்னு அதெயே ஓட்டிக்கிட்டு இருக்காதெ. இதுக்கு யாரு பேரும் வேண்டாம், பொறந்த தேதியும் வேண்டாம். அந்தக் காலத்துல மொதலாளி ராத்திரி பிரிச்ச மூட்டையெப் பாத்துத்தாஞ் சூரத்துக்கும் எளம்பிள்ளைக்கும் சரக்குக்குச் சொல்லி விடுவாரு. நாங்க மடிச்சோம், அவரு பாத்தாரு.

சரி, எந்திரி, வெள்ளென ஆரம்பி. பண்ணி முடிச்சொடனே வேலை முடிஞ்சுதுன்னு எனக்குப் போன் போடாதெ. தங்கச்சியோட ஐபோன்ல உன்ற கடையெத் தொறந்து நாலு சாமானுக்கு இதயம் அமுத்தச் சொல்லு. பத்து நாள் அவ அன்னாடம் சஃபாரியெப் பொழங்கட்டும், உன்ற கடைப் பக்கம் மட்டும் போக வேண்டாம். பதினோராம் நாள் தொறந்தா நாலும் இருக்கோணும். இருந்துதுன்னா அந்த 23 பேரெயும் ஊட்டுக்கு அனுப்பிப்போடு, பாவம், எத்தனெ நாளா முழிச்சிருக்காங்களோ. இந்த வேலைக்குத் தங்கச்சி கூலி கேப்பா, மொகத்தெச் சுளிக்காமக் குடு. ஜமக்காளம் ஒண்ணு குடுத்துச் சரிக்கட்டிரலாம்னு பாக்காதெ, போன தீவாளிக்கு நீ குடுத்ததே இன்னம் பிரிக்காமக் கெடக்குது.